ஆனைத்தொப்பிக்காரி

சின்னவள் சேர்ந்தாற்போல் இருமினால் எனக்குக் கை ஓடாது. எழுந்து போய் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். அவள் தட்டிவிடுவாள். "காய்ச்சல் இல்லய்யா, தூசி" என்பாள். தூசியாகத்தான் இருக்கும். ஆனாலும் தெர்மாமீட்டரை உதறி அவள் நாக்கடியில் வைத்துவிட்டு, பாதரசம் எங்கே நிற்கிறது என்று சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். அடுப்படியிலிருந்து என் மனைவி எட்டிப் பார்ப்பாள். நான் ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டிய பிறகுதான் உள்ளே போவாள்.

சின்னவளுக்கு இப்போது அவள் அக்காவின் வயது. அதாவது, அக்காவுக்குக் கடைசியாக இருந்த வயது.

போன வாரம் மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. பொழுது போகாமல் என் காசுப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரமக்குடித் தச்சர் ஒருவர் செய்துகொடுத்த தேக்குப் பெட்டி அது. உள்ளே பச்சைத் துணி ஒட்டி, காசின் அளவுக்கு வட்ட வட்டமாகக் குழி வெட்டியிருக்கும். செப்புக் காசுகளுக்குக் கீழ்த்தட்டு, வெள்ளிக் காசுகளுக்கு மேல்தட்டு. மேல்தட்டில் நடுக்குழி காலி.

"இது மட்டும் ஏன்யா காலியா இருக்கு?"

"ஒண்ணு இருந்துச்சு."

"வித்துட்டீகளா?"

"இல்ல."

"தொலைஞ்சிருச்சா?"

வெளியே வந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. அதற்குரிய பதிலை ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் என்றாவது வாயாலும் சொல்ல வரும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

*

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் கழித்து, தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊருக்கு என்னைப் போஸ்ட்மாஸ்டராக மாற்றினார்கள். வீடும் ஆபீசும் ஒரே கட்டடம். முன்னறை சர்க்காருக்கு, பின்கட்டு எங்களுக்கு, நடுவில் ஒரு கதவு. ஊரில் பாதி வீடுகளின் ஆண்பிள்ளைகள் கொழும்பில் கடை வைத்திருந்தார்கள். மற்றவர்கள் கடலுக்குப் போனார்கள். மணியார்டரும் கடிதமுமாக என் சன்னலுக்கு முன்னால் எப்போதும் ஆள் இருக்கும்.

தபால்தலை வாங்க வந்த ஒருவர் கொடுத்த சில்லறையில் தேய்ந்துபோன செப்புக் காசு ஒன்று கிடந்தது. இந்தப் பழக்கம் அதிலிருந்து தொடங்கியது. திருப்பிக் கொடுக்கலாம் என்று கையில் எடுத்தவன், அதில் ஒரு மனிதனின் பின்கழுத்து தெரிவதைப் பார்த்தேன். வைகை கடலில் சேருகிற இடத்தில் ஒரு மேடு இருப்பதாகவும், பெருமழை பெய்து மண் கரைந்தால் அங்கே இப்படிக் காசுகள் கிடைக்கும் என்றும் அவர் சொன்னார். அதன்பிறகு புத்தகங்கள் தேடிப் படித்தேன். சென்னையில் இருந்த ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். ரோமாபுரிக் காசு என்று பதில் வந்தது.

செப்புக் காசுகள் நிறையவே கிடைத்தன. எனக்கு ஆசை வெள்ளியின்மேல். அதிலும் ரோமாபுரியிலேயே அடித்த வெள்ளி அல்ல. ரோமர்கள் ஆண்ட கிழக்கு மாகாணங்களில், சிரியாவிலும் எகிப்திலும், அந்தந்த ஊர்ச் சந்தைக்காக அடித்த காசுகள். அவற்றில் கிரேக்க எழுத்து இருக்கும். தலைநகரத்துக் காசு உலகமெல்லாம் வியாபாரத்துக்குப் போகும். மாகாணத்துக் காசு உள்ளூரில் மீனும் எண்ணெயும் வாங்குவதற்கானது. அது நம் மணலில் கிடந்தால், எவனோ ஒரு தனிமனிதன் தன் மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறான் என்று அர்த்தம். அந்த எண்ணம் என்னைப் பிடித்துக்கொண்டது. பல வருஷம் தேடியும் அந்த வகையில் கிடைத்தவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும்.

காசைப் படம் பிடிக்க எனக்கு வசதியில்லை. அதற்கு ஆபீசு அரக்கு உதவியது. தபால் பைக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கை உருக்கித் தடித்த அட்டையில் ஊற்றி, ஆறுவதற்கு முன் காசை அழுத்தி எடுத்தால் முகம் அச்சாக விழும். கடிதம் நிறுக்கும் தராசில் எடை பார்ப்பேன். இரண்டு வேலைக்கும் பெரியவள்தான் உதவி. அட்டையை அவள் பிடிக்க, நான் ஊற்றுவேன். காசை அழுத்துவது தன் வேலை என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். ஒருமுறை விரல் நுனியைச் சுட்டுக்கொண்டு, சத்தம் போட்டால் அம்மா வேலையை நிறுத்திவிடுவாள் என்று வாய்க்குள் விரலை வைத்தபடி கண்ணீர் வழிய என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்த அரசர்களின் பெயர்களை அவள் கற்றுக்கொள்ளவே இல்லை. எல்லோருக்கும் ஊரில் ஆள் பார்த்து வைத்திருந்தாள். சிரியாக் காசிலிருந்த நீள மூக்கு அரசன் எங்கள் தபால்காரர். அதை அவரிடமே காட்டியும் விட்டாள். அவர் காசைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"ஏத்தா, எம் மூக்கு இம்புட்டு நீளமா?"

"இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் மாமா."

"போஸ்ட்மாஸ்டரய்யா, உங்க மகள வாயக் குறைக்கச் சொல்லுங்க. எனக்கு இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காக."

*

நடுக்குழிக் காசு வந்தது ஒரு மணியார்டர் நாளில். கொழும்பில் துணிக்கடை வைத்திருந்த ஒருவரின் மனைவி, பக்கத்துத் தெருவில் இருந்தவர், மாதாமாதம் பணம் வாங்க வருவார். அன்று முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கம்பிக்குள் நீட்டினார்.

"போஸ்ட்மாஸ்டரண்ணே, நீங்க பழைய காசெல்லாம் சேக்குறீகளாமுல்ல. எங்க வாப்பா ஆத்துமொகத்துல கெணறு வெட்டுனப்ப இது வந்துச்சாம். பாருங்க, பொம்மை போட்டிருக்கு. உருவம் உள்ள சாமான் வீட்ல இருந்தா தொழுகைக்கு ஆகாதுண்டு எங்க மாமியா ஒரே சத்தம்."

நடுக்கதவருகே நின்ற பெரியவள் விடவில்லை. "அப்ப ரூவாயில மட்டும் ராசா தலை இருக்கே?"

"அடியாத்தி, கேள்வியப் பாரு! அது வந்த அன்னைக்கே மளிகைக் கடைக்குப் போயிருதுல்ல? இது போகாம உக்காந்துக்கிட்டு எங்களையே பாக்குது."

விலை கேட்டேன். வாங்கிக்கொள்ளவில்லை. "வேணாண்ணே. அவுகளுக்கு ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. பெருநாளைக்கு வரச் சொல்லி. கொஞ்சம் கோவமா எழுதுங்க."

ரூபாயைவிடச் சிறியது, ஆனால் தடித்தது. செம்பு கலந்த வெள்ளி, சாம்பல் பூத்த நிறம். ஒரு பக்கம் கழுத்துப் பருத்த ஓர் இளம் அரசன். மறுபக்கம் ஒரு பெண். அவள் தலையில் யானையின் தலைத்தோலைத் தொப்பி போல் மாட்டியிருந்தாள். தும்பிக்கை நெற்றிக்கு மேல் தூக்கி நின்றது, தந்தம்கூடத் தெரிந்தது. பெரியவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கூவினாள்: "அய்யா, ஆனைத்தொப்பிக்காரி!" அன்றிலிருந்து அதுதான் அதன் பெயர்.

அரக்கு அச்சைச் சென்னைக்கு அனுப்பினேன். எகிப்தின் துறைமுகமான அலெக்சாந்திரியாவில் அடித்தது, அந்த நகரத்தையே பெண்ணாகப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதினார்கள். கூடவே இன்னொன்றும். எகிப்துக் காசு எகிப்துக்குள் மட்டும்தான் செல்லும். கப்பல் ஏறுகிறவன் அதை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். வெளியே கொண்டுபோனால் எவனும் வாங்க மாட்டான். இந்தக் கரையில் அது கிடைப்பது மிக அரிது, விற்பதானால் தெரிவிக்கவும்.

இதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"செல்லாதுன்னு தெரிஞ்சும் ஏன்யா கொண்டாந்தான்?"

"மடியில கெடந்திருக்கும். மாத்த மறந்திருப்பான்."

"இல்லய்யா. வேணும்னேதான் கொண்டாந்திருப்பான். வீட்டு நெனப்பு வந்தா எடுத்துப் பாக்க."

கொழும்புக்குப் புறப்படுகிறவர்கள் எங்கள் வாசல் வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். பெட்டி தூக்கிக்கொண்டு போகும்போது அவர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பதைச் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் அவள்.

*

நயா பைசா வந்த வருஷம். அணாவுக்கு எத்தனை பைசா என்று ஊரே குழம்பிக் கிடந்தது. புதுக் காசுகள் பளபளவென்று வந்து இறங்கின. ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்றுக்கு ஓரமெல்லாம் வளைவு. எது எத்தனை என்று தெரியாமல் கடைக்குக் கடை சண்டை. ஆபீசுச் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்துப் பெரியவள் வருகிறவர்களுக்கெல்லாம் கணக்குச் சொல்வாள்.

கார்த்திகை மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றோம். பிறகு ராமநாதபுரத்திலிருந்து டாக்டர் வந்து பார்த்து டைபாய்டு என்றார். மதுரையிலிருந்து மருந்து வரவழைத்தோம். டாக்டரையோ மருந்தையோ நான் குறை சொல்ல மாட்டேன். எல்லோரும் செய்ய வேண்டியதைச் செய்தார்கள்.

உடம்பு கொதிக்கும்போது ஆனைத்தொப்பிக்காரியைக் கேட்பாள். கொடுத்தால் நெற்றியில் வைத்துக்கொள்வாள். "சில்லுன்னு இருக்கும்மா" என்பாள். சூடானதும் அவள் அம்மா எடுத்துப் பானைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்து மறுபடி வைப்பாள். ஈரத்துணி போட்டால் தலையைத் திருப்பிக்கொள்வாள், காசுதான் வேண்டும். நடுவில் சில நாள் காய்ச்சல் இறங்கியது. கஞ்சி குடித்தாள். தபால்கார மாமாவுக்குப் பொண்ணு கிடைத்துவிட்டதா என்று விசாரித்தாள். காசு பெட்டிக்குத் திரும்பிவிட்டது. பிறகு காய்ச்சல் மறுபடி ஏறியது. பால்காரர் வந்து வாசலில் மணி அடித்த ஒரு காலையில் போய்விட்டாள். பாலை வாங்க யாரும் எழுந்து போகவில்லை. அவர் இன்னொரு தடவை அடித்தார்.

இறந்தவர் நெற்றியில் காசு வைப்பது எங்கள் வழக்கம். மனைவியின் பெரியம்மா பரமக்குடியிலிருந்து வந்திருந்தார். யாரோ ஒரு ரூபாயை எடுத்துக் கொடுக்க, அவர் அதைத் தரையில் சுண்டிப் பார்த்தார். "இந்தத் தகரத்தையா பிள்ளை நெத்தியில வைக்கிறது? ஒரு வெள்ளிக்காசுக்கு வக்கத்துப் போச்சா இந்த வீடு?" வெள்ளி ரூபாய் நின்று வெகுநாளாகிவிட்டது. இருந்த ஒன்றிரண்டும் பிள்ளைகளின் கொலுசாகியிருந்தன. நான் அப்போது வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்டது, ஆனால் புரியவில்லை.

அவளைத் தூக்கி வெளியே கொண்டுவந்தபோதுதான் பார்த்தேன். குளிப்பாட்டி, பொட்டு வைத்து, நெற்றிச் சந்தனத்தில் காசைப் பதித்திருந்தார்கள். ஆனைத்தொப்பிக்காரி மேல்பக்கமாக இருந்தாள். அவசரத்தில் யாரோ பெட்டியைத் திறந்து கைக்கு வந்ததை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமாகாத பிள்ளைகளைப் புதைப்பார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட, நாங்கள் மேற்கே மயானம் இருந்த உடைமரக் காட்டுக்குப் போனோம். குழியில் இறக்குவதற்கு முன், அங்கே வேலை பார்க்கிற பெரியவர் குனிந்து நெற்றிக்காசை எடுத்துத் தன் வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டார். அது அவருக்குச் சேர வேண்டியது. எல்லாச் சாவிலும் அப்படித்தான். காசு இருந்த இடத்தில் சந்தனம் உரிந்து ஒரு வட்டம் தெரிந்தது. என் கை அவரை நோக்கி நீண்டது. நான் விழப்போகிறேன் என்று நினைத்து மைத்துனர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் காசு எனக்கு வேண்டும். அதன்பிறகு வந்த நாட்களில் என் மனதில் இருந்தது இது ஒன்றுதான். அரிய காசு என்பதற்காக அல்ல. அவளைக் கடைசியாகத் தொட்டுக்கொண்டிருந்த பொருள் அது. ஆனால் ஒருவரிடம் போய், என் மகளின் நெற்றிக்காசைத் திருப்பிக் கொடு என்று எப்படிக் கேட்பது? மயானத்துக்குப் போன பொருளைத் திரும்பக் கேட்டான் என்று ஊர் பேசும். அதைவிட, கேட்டு வாங்கினால் எங்கே வைப்பது? அங்கே போனது வீட்டுக்குள் வரக்கூடாது. பின்கட்டில் அப்போதுதான் நடக்கப் பழகிய சின்னவள் இருந்தாள்.

*

கருமாதி முடிந்து நான் மறுபடி சன்னலில் உட்கார ஆரம்பித்திருந்தேன். ஒரு மத்தியானம், தபால் பஸ் போய் ஆபீசு வெறிச்சிட்டிருந்த நேரத்தில், அந்தப் பெரியவர் வேப்பமரத்தடியில் வந்து நின்றார். அந்தக் காலத்தில் அவர்கள் படியேற மாட்டார்கள், ஏறு என்று சொன்னவர்களும் இல்லை. நான் இறங்கிப் போனேன்.

"சாமி கோவிச்சுக்கிறக் கூடாது."

"என்ன, சொல்லுங்க."

"அன்னைக்கு... பிள்ளைக்கு வச்ச காசு. கடையில போக மாட்டேங்குது."

அவர் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொடர்ந்தார்.

"புதுக் காசு வந்திருக்குன்னு ஊரே பேசுதுல்ல. இதுவும் அதுல ஒண்ணுன்னு நெனச்சுட்டேன். செட்டியார்ட்ட குடுத்தா திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. 'ஏப்பா, இது எந்த ஊரு நயா பைசா'ங்குறாரு. நான் விடல. 'போஸ்ட்மாஸ்டர் வீட்டுக் காசு, சர்க்கார் காசு, நல்லாப் பாருங்க'ன்னேன். கடையில நின்னவுக எல்லாம் சிரிக்கிறாக. ஆனையத் தலையில மாட்டிக்கிட்டு ஒரு பொம்பள இருக்காளே, இவ எந்த மந்திரின்னு கேக்குறாக."

சொல்லும்போது அவருக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டது. யார் முன்னால் நிற்கிறோம் என்று நினைவு வந்ததும் அதை முகத்திலேயே நிறுத்தினார். எனக்கும் சிரிப்பு வந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பெரியவள் இருந்து இதைக் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பாள். மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

வேறு காசு கொடுத்தேன். அவர் முடிச்சை அவிழ்த்து, காசை மரத்தடிக் கல்லில் வைத்துவிட்டு விலகி நின்றார்.

"செல்லாத காசா சாமி?"

"இங்க செல்லாது."

"தெரிஞ்சுதான் வச்சீகளா?"

"யாரு வச்சாகன்னு எனக்குத் தெரியல."

அவர் யோசித்தார். "அங்கன போயிட்டு வந்தது. வீட்டுக்குள்ள கொண்டுபோக வேணாம் சாமி. கடல்ல போட்டுருங்க."

நான் கடலில் போடவில்லை. முன்னறையில், தபால்தலை வைக்கும் இழுப்பறையின் பின்மூலையில் வைத்தேன். முன்னறை சர்க்காருடையது, வீடு நடுக்கதவுக்கு அப்புறம்தான் தொடங்குகிறது என்று எனக்கு நானே சட்டம் பேசிக்கொண்டேன். ஆள் இல்லாதபோது எடுத்துப் பார்ப்பேன். பள்ளமான இடங்களில் சந்தனம் காய்ந்து கிடந்தது. அதை நான் துடைக்கவில்லை.

*

மனைவி அந்த நாட்களில் சமைத்தாள், சின்னவளுக்கு ஊட்டினாள். மழை வந்தால் மட்டும் கொல்லைப்பக்கம் போய் மேற்கே பார்த்து நின்றுகொண்டிருப்பாள். நனைவாள். கூப்பிட்டால் வருவாள்.

தை பிறந்த பிறகு ஒருநாள் சின்னவளுக்கு மூக்கில் நீர் வடிந்தது. அவ்வளவுதான். ஆனால் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கம்பவுண்டரைக் கூப்பிடச் சொல்ல, அந்த நடுக்கதவைத் திறந்துகொண்டு முன்னறைக்கு வந்துவிட்டாள். காசு என் உள்ளங்கையில் இருந்தது.

பார்த்தாள்.

"அது எப்படி இங்கன வந்துச்சு?"

குழந்தைக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். "ஆபீசுலதான் வச்சிருக்கேன். உள்ள கொண்டாரல" என்றேன்.

"அதக் கேக்கல. அது அவகிட்டல்ல இருக்கணும்?"

"நெத்திக்காசை அங்கன எடுத்துருவாக. வேலை பாக்குறவருக்கு அது சேரும். வழக்கம்தானே."

"எடுத்துருவாகளா?"

அவள் கேட்ட விதத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. பெண்கள் தெருமுனையோடு திரும்புகிறவர்கள். அதற்குமேல் என்ன நடக்கிறது என்று எந்த ஆணும் வந்து சொல்வதில்லை, எந்தப் பெண்ணும் கேட்பதில்லை. எத்தனையோ சாவு பார்த்தவள். நெற்றியில் வைத்த காசு இறந்தவர்களோடேயே போகிறது என்று இத்தனை காலமும் நினைத்திருக்கிறாள்.

"எங்க ஆத்தாளுக்கும் எடுத்துட்டாகளா?"

"எல்லாருக்கும்தான்."

குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"நாந்தான் பெட்டியத் தொறந்து எடுத்தேன். பெரியம்மா தகரம்னு சொன்னதுக்காக இல்ல. காய்ச்சல்ல அதத்தானே நெத்தியில வச்சுக்கிட்டா. போற எடத்துல பழகுன சாமான் ஒண்ணு கூடக் கெடக்கட்டும்னு வச்சேன். வெறும் நெத்தியாவா அனுப்புனீக அவள?"

வேண்டுமானால் வேறு நல்ல காசாக ஒன்றைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"அவளுக்குத் தெரிஞ்ச காசு இதுதானே."

"எனக்கு அவ தொட்டதுன்னு இது ஒண்ணுதான் இருக்கு."

"உங்களுக்கு அரக்கு இருக்கு. அட்டை அட்டையா அவ அழுத்துனது இருக்கு." குரல் உயரவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாம். அவளுக்கு நான் குடுத்ததை அவகிட்டக் குடுங்க."

காசை மூடிய என் கை கொஞ்ச நேரம் திறக்க மறுத்தது. அவள் பிடுங்கவில்லை. புடவைத் தலைப்பை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

*

அன்று வெயில் சாய்ந்ததும் போனோம். பக்கத்துத் தெருவுக்குப் போய்ச் சின்னவளை மணியார்டர் வீட்டம்மாவிடம் விட்டோம். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு, "பெரியவளப் பாத்துட்டு வாரோம்" என்றாள் மனைவி. அவர் மேற்கொண்டு கேட்காமல் குழந்தையை வாங்கி முக்காட்டுக்குள் போர்த்திக்கொண்டார்.

தெருமுனை வந்தது. பெண்கள் நிற்கும் இடத்தில் அவள் நிற்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. உடைமரக் காட்டுக்குள் பெரியவர் விறகு ஒடித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஓடி வந்தார்.

"தாயி, பொம்பளைக இங்கன வரக்கூடாதே."

"வந்துட்டேன்ல" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தார். மழையில் மேடு தணிந்திருந்தது, எனக்கு இடமே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. "தலைமாடு இந்தப் பக்கம்" என்று காட்டினார். ஓரமாக முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். கீழே மணல் இன்னும் ஈரமாக இருந்தது.

மனைவி தலைப்பிலிருந்து காசை எடுத்தாள். சேலை நுனியால் ஒரு தடவை துடைத்தாள், காய்ச்சலின்போது துடைத்த மாதிரியே. நான் தொடாமல் வைத்திருந்த சந்தனம் அதில் போய்விட்டது. குனிந்து, ஆனைத்தொப்பிக்காரி மேலே பார்க்கும்படி வைத்தாள். கையைக் குழிக்குள் அப்படியே வைத்திருந்தாள். மணலைத் தள்ள மண்வெட்டியை ஓங்கிய பெரியவர் காத்து நின்றார்.

"சில்லுன்னுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்தாள்.

மூடி மிதித்து, மேலே முள் வெட்டிப் போட்டார் பெரியவர். "பயப்படாதீக தாயி. நானோ மத்தவுகளோ எடுக்க மாட்டோம். செல்லாத காசு, எடுத்து என்ன பண்ண?" ஆறுதலாகத்தான் சொன்னார். சொன்னது சரிதானா என்று அவருக்கே சந்தேகம் வந்து என்னைப் பார்த்தார்.

"ஆமா, செல்லாது" என்றாள் மனைவி. "இனி அவகிட்டயே கெடக்கும்."

மண்ணுக்குள் இருக்கிற காசை வெளியே எடுப்பதற்காக எத்தனையோ பேரிடம் கெஞ்சியிருக்கிறேன். உள்ளே போட்டது அந்த ஒரு முறைதான். என்றாவது ஒரு மழையில் அது வெளியே வரும். எடுக்கிறவன், எகிப்திலிருந்து ஒரு கப்பல் இந்த உடைமரக் காடு வரை வந்திருக்கிறது என்று எழுதி வைப்பான். எழுதட்டும்.

அருங்காட்சியகத்திலிருந்து மறுபடி கேட்டு எழுதியிருந்தார்கள். காசு இப்போது என்னிடம் இல்லை என்று ஒரு கார்டு போட்டேன். அதன் அரக்கு அச்சு இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் அரக்கு கொஞ்சம் இளகுகிறது. தும்பிக்கை மழுங்கிவிட்டது. ஓரத்தில், அழுத்தும்போது பெரியவளின் நகம் பட்ட பிறை போன்ற கீறல் இருந்தது. இந்த வருஷம் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் பார்க்க முடிகிறது.

இவ்வளவும் எழுதி முடித்தபின் நேற்றுச் சின்னவளைக் கூப்பிட்டு, பெட்டியைத் திறந்து வைத்தேன். எல்லாவற்றையும் சொல்லும் எண்ணம் இருந்தது. வாய் வரவில்லை.

"கேட்டீல்ல, இந்தக் குழிக் காசு என்னாச்சுன்னு. அது அக்காகிட்ட இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தக் குழியில் தன் சுட்டுவிரலை வைத்து மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அப்ப இதுல வேற காசு வைக்காதீக" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். வாசல் தாண்டி ஒருமுறை இருமினாள். நான் எழுந்துவிட்டேன்.

"தூசிய்யா!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்.